சம்பள உயர்வை எப்படி வாங்கிக்கொள்வது: ரொக்கமாகவா, பென்ஷனாகவா, நேரமாகவா?

பிரிட்டனில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் நம்மவர்களிடையே ஏப்ரல் நெருங்கும்போது ஒரு பேச்சு கிளம்பும். “ஏத்திக் கொடுக்கிறேங்கிறாங்க, ஆனா வாங்கினா 40 பெர்சென்ட்ல போயிடுவேன், அப்புறம் இப்ப வர்றதும் வராது.” இதை நம்பி டீம் லீடர் பொறுப்பை வேண்டாம் என்றவர்கள் இருக்கிறார்கள், கூடுதல் ஷிஃப்டை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். வருமான வரியைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை தவறு. பின்னால் சொல்லப்போகும் ஒரு சின்ன விதிவிலக்கைத் தவிர, ஒரு வரி அடுக்கைத் தாண்டிவிட்டோம் என்பதற்காக மட்டும் யாருக்கும் கைக்கு வரும் பணம் குறைவதில்லை.

அதற்காக இந்தப் பயம் முழுக்க வெறும் பயம் என்றும் சொல்ல மாட்டேன். வரி அடுக்குகளை ஒட்டியே வேறு சில எல்லைகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கான உதவித்தொகை (சைல்ட் பெனிஃபிட்), நர்சரிச் சலுகை, பராமரிப்பாளர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வருமான எல்லை உண்டு. அவற்றில் சிலவற்றை ஒரு பவுண்டு தாண்டினாலும் நிஜமாகவே நஷ்டம். ஆக, உயர்வு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது நம் சம்பளம் எந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால், உயர்வை ரொக்கமாக வாங்குவதா, பென்ஷனில் போடுவதா, வேலை நாளைக் குறைத்துக்கொள்வதா, மறுத்துவிடுவதா என்று முடிவு செய்வது சுலபம்.

இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரையிலான வரி ஆண்டுக்கு உரியவை. வரி விகிதங்கள் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு. ஸ்காட்லாந்துக்கு அடுக்குகள் வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

கூட வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு 50,000 பவுண்டு சம்பளம். 52,000 ஆக்குகிறோம் என்று மேனேஜர் சொன்னதும் முகம் வாடிப்போய் என்னிடம் வந்தான். “அண்ணா, 50,270 தாண்டினா மொத்தத்துக்கும் 40 போடுவாங்களாமே, நிஜமா?” ஒரு காகிதத்தை எடுத்து வைத்து இருவருமாகக் கணக்குப் போட்டோம்.

முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 சதவீதம். 50,270க்கு மேலே இருக்கும் தொகைக்கு மட்டும் 40. அவனுடைய 2,000 பவுண்டு உயர்வில் 270 பவுண்டு 20 சதவீத அடுக்கிலேயே அடங்கிவிடுகிறது. மிச்சம் 1,730 தான் 40க்குள் போகிறது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த 50,000ஐ யாரும் தொடுவதில்லை, அதற்கு நேற்று எவ்வளவு வரியோ இன்றும் அவ்வளவுதான்.

இதில் பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. 50,270 வரை நேஷனல் இன்ஷூரன்ஸ் (வருமான வரி தவிர, அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகை) 8 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம். வருமான வரி ஏறும் அதே இடத்தில் இது இறங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் 28 சதவீதம் 42 ஆகிறது. 20 இருந்தது இரட்டிப்பாகி 40 ஆகிவிட்டது என்று கேட்கும்போது வரும் அதிர்ச்சி உண்மையான மாற்றத்தைவிடப் பெரியது.

சரி, கூட்டிப் பார்த்தோம். 270க்கு 28 சதவீதம் என்றால் 75 பவுண்டு 60 பென்ஸ். 1,730க்கு 42 சதவீதம் என்றால் 726 பவுண்டு 60 பென்ஸ். மொத்தம் 802 பவுண்டு 20 பென்ஸ் பிடித்தம். 2,000இல் கைக்கு வருவது 1,197 பவுண்டு 80 பென்ஸ், மாதத்துக்கு ஏறக்குறைய 100 பவுண்டு. முழு வருடக் கைப்பணம் 39,519இலிருந்து 40,717 ஆகிறது. குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

படிப்புக் கடன் இருந்தால் இதில் இன்னும் கொஞ்சம் போகும். பிளான் 2 என்ற வகைப் படிப்புக் கடன் வாங்கியவர்களுக்கு 28,470 பவுண்டுக்கு மேலே உள்ள வருமானத்தில் 9 சதவீதம் பிடிப்பார்கள். அந்தத் தம்பிக்கு அது இருந்திருந்தால் மேலும் 180 பவுண்டு குறைந்து, 1,017 பவுண்டு 80 பென்ஸ் நின்றிருக்கும். அப்போதும் லாபம்தான்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் கடுமை. அங்கே 43,662 பவுண்டைத் தாண்டியதுமே 42 சதவீத வரி தொடங்கிவிடுகிறது. நேஷனல் இன்ஷூரன்ஸ் மட்டும் நாடு முழுக்க ஒரே விதி, அது 50,270 வரை 8 சதவீதமாகவே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டிலும் பாதி போய்விடும். மிச்சப் பாதி கைக்கு வரும்.

தவறான எண்ணம் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் பே ஸ்லிப்பிலிருந்துதான். உயர்வை ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு ஜூலையில் அரியர்ஸோடு கொடுப்பார்கள். மூன்று நான்கு மாதத்து வித்தியாசம் ஒரே மாதத்தில் வந்து விழும், வரிக் கட்டத்தில் இதுவரை பார்த்திராத ஒரு எண் நிற்கும். அடுத்த மாதம் பாருங்கள், பிடித்தம் பழையபடி இறங்கியிருக்கும். பே ஸ்லிப்பில் உள்ள வரிக் குறியீடு வெறும் 1257எல் என்று இருந்தால் வருடத் தொடக்கத்திலிருந்து சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள், அதிகம் பிடித்திருந்தால் பின்னால் வரும் மாதங்களில் தானாகச் சரியாகும். குறியீட்டின் முடிவில் எம்1, டபிள்யூ1, எக்ஸ் என்று ஏதாவது ஒட்டியிருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். வரித்துறையைக் கூப்பிட்டுக் குறியீட்டை மாற்றச் சொல்ல வேண்டும்.

அடுத்த காரணத்தில் மக்களின் கோபம் நியாயமானது. 12,570, 50,270 என்ற இந்த இரண்டு எண்களும் 2021 ஏப்ரலிலிருந்து நகரவில்லை. முதலில் 2026 வரை என்றார்கள். நிதியமைச்சராக இருந்த ஜெரமி ஹண்ட் அதை 2028 வரை நீட்டினார். 2025 நவம்பர் பட்ஜெட்டில், அவருக்குப் பின் நிதியமைச்சரான ரேச்சல் ரீவ்ஸ் 2031 வரை என்று அறிவித்தார். விலைவாசிக்கு ஈடாகச் சம்பளம் ஏறினாலும் எல்லை அங்கேயே நிற்பதால், நிஜத்தில் வசதி கூடாதவர்களும் 40 சதவீத அடுக்குக்குள் தள்ளப்படுகிறார்கள். சம்பளம் ஏறியும் வாழ்க்கை ஏறவில்லை என்ற உணர்வு இதிலிருந்து வருகிறது. ஆனால் உயர்வை மறுப்பது இதற்கு மருந்தாகாது. மறுத்தால் விலைவாசியும் ஏறும், சம்பளமும் நிற்கும்.

ரொக்கமாக வாங்குவது

கிரெடிட் கார்டு கடன் இருப்பவர், கையில் அவசரத்துக்குப் பணம் இல்லாதவர், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் ஆகியோர் யோசிக்கவே வேண்டாம், உயர்வை அப்படியே ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். கார்டு வட்டியை மிஞ்சும் வரிச் சேமிப்பு நடுத்தரச் சம்பளக்காரருக்குக் கிடைப்பது அபூர்வம். வீட்டுக் கடன் தருபவர்கள் சம்பளத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்கிறார்கள். ஊரிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைத்து வர விரும்பும் ஒருவருக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அவருக்கு அந்த எண்ணை எட்டிப் பிடிப்பதைவிட முக்கியமான வரிக் கணக்கு எதுவும் இல்லை.

ரொக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. கணவன் மனைவியில் ஒருவர் வீட்டில் இருந்தால், வேலை செய்யாதவர் தன் வரியில்லா வரம்பிலிருந்து 1,260 பவுண்டை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். வருடத்துக்கு 252 பவுண்டு மிச்சம். நம் வீடுகளில் பலருக்கு இது பொருந்தும், ஆனால் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். வாங்குகிறவர் 40 சதவீத அடுக்கில் ஒரு பவுண்டு நுழைந்தாலும் 252ம் மொத்தமாகப் போய்விடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். சரியாக 50,270 வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 50,271லிருந்து ஏறக்குறைய 50,700 வரை எவ்வளவு ஏற்றினாலும் பழைய நிலையைவிட நஷ்டம். அதற்கு மேல் போனால் ஈடாகிவிடும். அந்தக் கொஞ்ச இடைவெளியில் மாட்டிக்கொண்டால் எல்லைக்கு மேலே உள்ள சில நூறு பவுண்டுகளைப் பென்ஷனில் போட்டுவிட்டால் போதும், 252 திரும்பிவிடும்.

பென்ஷனில் போடுவது

என் கணிப்பில் 50,270 பவுண்டைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்கு மிகச் சிறந்த வழி இதுதான். அதிலும் நிறுவனம் சாலரி சேக்ரிஃபைஸ் என்ற ஏற்பாட்டை வைத்திருந்தால் இன்னும் நல்லது. சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தொகை வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் படாமல் நேராகப் பென்ஷன் கணக்குக்குப் போகும்.

அந்தத் தம்பியின் கணக்குக்கே வருவோம். 2,000இல் எல்லைக்கு மேலே இருந்த 1,730ஐ மட்டும் பென்ஷனில் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கமாக வாங்கியிருந்தால் அதில் அவன் கைக்கு வந்திருக்கும் தொகை 1,003 பவுண்டு 40 பென்ஸ். அதை விட்டுக்கொடுத்து 1,730 பவுண்டைப் பென்ஷனில் வைக்கிறான். ஓய்வு பெற்று எடுக்கும்போது கால் பங்குக்கு வரி இல்லை, மீதிக்கு உண்டு. அப்போது அவன் 20 சதவீத அடுக்கில் இருந்தால், முதலீட்டு வளர்ச்சியைச் சேர்க்காமலே, கைக்கு வருவது 1,470 பவுண்டு 50 பென்ஸ். ஆயிரத்தை விட்டு ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு.

50,270க்குக் கீழே இருப்பவருக்கு இந்த லாபம் சிறியது. 1,000 பவுண்டு போட்டால் 720 பவுண்டு கைப்பணத்தை விட்டுக்கொடுக்கிறார், பின்னால் அதே கணக்கில் 850 வரும். ஆனால் நாம் கூடப் போட்டால் நிறுவனமும் கூடப் போடும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கதையே வேறு. நிறுவனம் அப்படிக் கூடப் போடும் தொகையை முழுதாக வாங்கும் அளவுக்காவது எல்லோரும் போட வேண்டும் என்பேன், எந்த அடுக்கில் இருந்தாலும். சட்டப்படி நிறுவனம் கட்டாயம் தர வேண்டிய 3 சதவீதத்தோடு நின்றுவிடும் இடங்களும் உண்டு, 8, 10 என்று தருபவையும் உண்டு. மனிதவளத் துறையில் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். நிறுவனத்துக்கும் சாலரி சேக்ரிஃபைஸில் 15 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸ் மிச்சமாகிறது. அதில் ஒரு பங்கை ஊழியரின் பென்ஷனிலேயே சேர்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, கேட்காவிட்டால் தெரியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இப்போதைக்கு 55 வயது வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது, 2028 ஏப்ரல் 6 முதல் 57 ஆகிறது. சாலரி சேக்ரிஃபைஸால் ஒப்பந்தச் சம்பளம் குறைந்து தெரியும், மகப்பேறு ஊதியம் போன்றவை அந்தக் குறைந்த தொகையில் கணக்கிடப்படலாம். அடுத்த வருடம் குழந்தை பெறத் திட்டமிடும் ஒரு பெண் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சட்டப்படியான மகப்பேறு ஊதியத்தில் முதல் 6 வாரங்கள் சராசரிச் சம்பளத்தின் 90 சதவீதம் என்பதால், அந்தச் சராசரி கணக்கிடப்படும் காலத்தில் விட்டுக்கொடுத்தால் அங்கே இழப்பு. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகுமளவு விட்டுக்கொடுக்கவும் சட்டம் அனுமதிக்காது. தவிர, 2029 ஏப்ரலிலிருந்து இந்த ஏற்பாட்டில் வருடத்துக்கு 2,000 பவுண்டு வரைதான் நேஷனல் இன்ஷூரன்ஸ் விலக்கு என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். வருமான வரிச் சலுகையில் கை வைக்கவில்லை.

சாலரி சேக்ரிஃபைஸ் இல்லாத நிறுவனங்களில் பென்ஷன் பணம் வேறு வழியில் போகும். அதில் ஒரு வகையில் நாம் 80 போட்டால் பென்ஷன் நிறுவனம் அரசிடமிருந்து 20 வாங்கிச் சேர்க்கும். 40 சதவீத அடுக்கில் இருப்பவருக்குச் சேர வேண்டிய இன்னொரு 20 தானாக வராது. வரித்துறையிடம் நாமே கேட்டுத்தான் வாங்க வேண்டும். பல வருடங்களாகக் கேட்காமல் விட்டிருந்தால் கடந்த 4 வரி ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கேட்கலாம்.

60,000க்கு மேல், பிள்ளைகள் இருந்தால்

இங்கே பென்ஷனின் பலம் இரட்டிப்பாகிறது. பெற்றோரில் அதிகம் சம்பாதிப்பவரின் வருமானம் 60,000ஐத் தாண்டினால், ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் சைல்ட் பெனிஃபிட்டில் 1 சதவீதத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். 80,000இல் முழுவதும் போய்விடும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் வாரம் 43 பவுண்டு 30 பென்ஸ், வருடத்துக்கு 2,251 பவுண்டு 60 பென்ஸ். அதனால் இந்த இடைவெளியில் உண்மையான பிடித்தம் 42 சதவீதத்தில் நிற்காது, 53 ஆகிறது. மூன்று பிள்ளைகள் என்றால் 58க்கு வந்துவிடும்.

60,000இலிருந்து 66,000 ஆகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பிள்ளைகள். 6,000 உயர்வில் வரியும் இன்ஷூரன்ஸுமாக 2,520. சைல்ட் பெனிஃபிட்டில் 30 சதவீதம் திருப்பிக் கட்ட 675. கைக்கு வருவது 2,805. முழு 6,000ஐயும் பென்ஷனில் போட்டால் சைல்ட் பெனிஃபிட் முழுதாக நிற்கும், கைப்பணம் பழையபடியே இருக்கும், பென்ஷனில் 6,000 ஏறும். 2,805ஆ, 6,000ஆ என்பதுதான் கேள்வி. வீட்டு வாடகைக்கே இழுபறி என்றால் 2,805. அப்படி இல்லையென்றால் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இந்த விதியில் ஒரு அநியாயம் இருக்கிறது. கணவனும் மனைவியும் ஆளுக்கு 59,000 சம்பாதித்தால், குடும்ப வருமானம் 1,18,000 ஆனாலும் சைல்ட் பெனிஃபிட் முழுதாகக் கிடைக்கும். ஒருவர் மட்டும் 80,000 சம்பாதித்து மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் ஒன்றும் நிற்காது. ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இரண்டு பிள்ளைகளோடு 60,000க்கும் 80,000க்கும் நடுவில் இருக்கும் கணவன் ஓவர்டைம் செய்து சம்பாதிக்கும் பவுண்டில் பாதிக்கும் குறைவாகவே வீட்டுக்கு வருகிறது. மனைவி பகுதி நேரமாக வேலைக்குப் போனால் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்ஷூரன்ஸும் இல்லை. அவருக்குப் போக விருப்பமும் பிள்ளைகளைப் பார்க்க வசதியும் இருந்தால், குடும்பத்துக்கு வரும் அடுத்த ஆயிரம் பவுண்டை அவர் சம்பாதிப்பதுதான் லாபம்.

80,000 தாண்டிவிட்டது, இனி எதற்கு என்று சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். பணம் வேண்டாம் என்று குறித்துவிட்டு விண்ணப்பத்தை மட்டும் போடுங்கள். கடைசிப் பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை, வேலைக்குப் போகாத தாய்க்கோ தந்தைக்கோ நேஷனல் இன்ஷூரன்ஸ் ஆண்டுகள் அதன் வழியாகச் சேரும். முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 ஆண்டுகள் தேவை. வீட்டில் உழைத்த அம்மாவின் முதுமைக்கு அது நேரடியாகப் போய்ச் சேரும் பணம்.

1,00,000: நிஜமான பள்ளம்

ஆண்டு வருமானம் 1,00,000 பவுண்டைத் தாண்டினால் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் வரியில்லா வரம்பில் 1 பவுண்டு குறையும். 1,25,140இல் வரம்பே இல்லாமல் போகும். இந்த இடைவெளியில் வருமான வரி 60 சதவீதம், இன்ஷூரன்ஸோடு 62. அலிஸ்டர் டார்லிங் நிதியமைச்சராக இருந்தபோது வந்த விதி இது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து அந்த 1,00,000 என்ற எண் மாறவே இல்லை. அப்போது மிகச் சிலரைத் தொட்ட எல்லை, இன்று மருத்துவர்கள், மென்பொருள் பொறியாளர்கள் என்று நமக்குத் தெரிந்த பலரைத் தொடுகிறது.

62 சதவீதம் வலிக்கும், ஆனாலும் 38 பென்ஸ் வீட்டுக்கு வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில்தான் கதை வேறு. இங்கிலாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு 9 மாதக் குழந்தையிலிருந்து வாரம் 30 மணி நேர இலவச நர்சரி, வருடத்தில் 38 வாரங்களுக்கு, 2025 செப்டம்பரிலிருந்து கிடைக்கிறது. அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடத்துக்கு 2,000 பவுண்டு வரை நர்சரிக் கட்டணத்தில் அரசு உதவி. பெற்றோரில் யாராவது ஒருவரின் வருமானம் 1,00,000ஐ ஒரு பவுண்டு தாண்டினாலும் இரண்டுமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில்லை, மொத்தமாகப் பறித்துவிடுவார்கள். இரண்டு பிள்ளைகள் நர்சரியில் இருந்தால் போவது பல ஆயிரம் பவுண்டு. உயர்வு வாங்கியதால் ஏழையாவது என்பது இங்கே உண்மை.

இதற்கும் வழி பென்ஷன்தான். 99,000இலிருந்து 1,05,000 ஆகிறவர் 5,000ஐப் பென்ஷனில் போட்டால், அவர் விட்டுக்கொடுக்கும் கைப்பணம் 1,900 மட்டும். 1,900க்கு 5,000 கிடைக்கிறது, நர்சரிச் சலுகையும் தப்புகிறது. சரியாக 1,00,000இல் நிறுத்தாமல் சில நூறு பவுண்டு தள்ளியே நிறுத்துங்கள். வங்கி வட்டி, பங்கு ஈவு, வாடகை வருமானம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மார்ச் மாதம் எதிர்பாராமல் வரும் போனஸும் சேரும்.

நேரமாக வாங்குவது

இந்த வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். 62,500 சம்பளக்காரர் வாரத்துக்கு நான்கு நாள் வேலைக்கு மாறினால் சம்பளம் 50,000 ஆகும். 20 சதவீதம் குறைகிறது. கைப்பணம் 46,807இலிருந்து 39,520 ஆகும், அதாவது 15.6 சதவீதம். மாதத்துக்கு 607 பவுண்டு. இரண்டு பிள்ளைகள் இருந்தால் சைல்ட் பெனிஃபிட்டில் திருப்பிக் கட்டிய 270ம் மிச்சம், அந்த ஒரு நாள் நர்சரிக் கட்டணமும் மிச்சம். சின்னக் குழந்தையோ வயதான பெற்றோரோ வீட்டில் இருந்தால், வாரம் ஒரு முழு நாளுக்கு அந்த 607 அதிக விலையில்லை.

50,270க்குக் கீழே இருப்பவருக்கு ஒவ்வொரு பவுண்டு குறையும்போதும் 72 பென்ஸ் கையிலிருந்து போகும் என்பதால் இது அவ்வளவு லாபமில்லை. நிறுவனத்தின் பென்ஷன் பங்கும் சம்பளத்தோடு சேர்ந்து குறையும். நான்கு நாள் சம்பளத்துக்கு ஐந்து நாள் வேலையை வாங்கும் இடங்களும் உண்டு. மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் இதில் இறங்க வேண்டாம்.

மறுப்பது

வரி அடுக்குக்காக மறுப்பது எந்தக் கணக்கிலும் சரியாகாது. குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையை வாங்குபவர்களுக்கு உயர்வு மிகக் கசப்பாக இருக்கும் என்பது உண்மை. 100 பவுண்டு கூடச் சம்பாதித்தால் வரியும் இன்ஷூரன்ஸும் போக 72, அதில் 55 சதவீதம் உதவித்தொகையிலிருந்து குறைய, கடைசியில் மிஞ்சுவது 32 பவுண்டு 40 பென்ஸ். இவ்வளவு குறைந்த வருமானத்தில் இவ்வளவு பெரிய பிடித்தம் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்படியும் 32 கூடுகிறது, குறையவில்லை.

மறுப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய ஒரே இடம் பராமரிப்பாளர் உதவித்தொகை. வாரம் 83 பவுண்டு 30 பென்ஸ் தருகிறார்கள், ஆனால் வருமானம் வாரம் 196 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு பவுண்டு தாண்டினால் அந்த வாரத்து 83ம் இல்லை. நோயாளி மாமியாரைப் பார்த்துக்கொண்டு கடையில் வாரம் 16 மணி நேரம் நிற்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச ஊதியமான 12 பவுண்டு 21 பென்ஸ் கணக்கில் அவருக்கு 195 பவுண்டு 36 பென்ஸ். எல்லைக்குள் இருக்கிறார். முதலாளி நல்ல மனதோடு மணிக்கு 12 பவுண்டு 50 பென்ஸ் என்று ஏற்றினால் வாரம் 200. கழிவு எதுவும் இல்லையென்றால், 4 பவுண்டு 64 பென்ஸ் கூடியதற்காக 83 பவுண்டு 30 பென்ஸ் போகிறது. தெரியாமல் தொடர்ந்து வாங்கியிருந்தால் பின்னால் மொத்தத்தையும் திருப்பிக் கேட்பார்கள். இப்படி ஆயிரக்கணக்கில் கடன்பட்டவர்களைப் பற்றி அரசே லிஸ் சேஸ் என்பவர் தலைமையில் ஆய்வு நடத்த வேண்டி வந்தது. இந்த அக்காகூட ஊதிய உயர்வை மறுக்க வேண்டியதில்லை. வாரம் 15 மணி நேரமாகக் குறைத்துக்கொண்டால் 187 பவுண்டு 50 பென்ஸ், உதவித்தொகை தப்பும், ஒரு மணி நேரம் அவருக்கு மிச்சமாகும். “ரேட் இருக்கட்டும், ஒரு மணி நேரம் குறைச்சுக்கிறேன்” என்று முதலாளியிடம் சொன்னால் போதும்.

நாள் முக்கியம்

இந்த முடிவுகளை எல்லாம் ஏப்ரல் 5க்குள் எடுத்தாக வேண்டும். சாலரி சேக்ரிஃபைஸுக்குச் சம்பளமோ போனஸோ கைக்கு வரும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், வாங்கிய பிறகு விட்டுக்கொடுக்க முடியாது. பிப்ரவரி பே ஸ்லிப் வந்ததும் இதுவரையிலான மொத்த வருமானத்தைப் பார்த்து, மார்ச் சம்பளத்தையும் போனஸையும் சேர்த்து, எந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று கூட்டிப் பாருங்கள். எல்லை தாண்டும் போலிருந்தால் நிறுவனத்தை நம்பாமல் சொந்தமாக ஒரு பென்ஷன் கணக்கு தொடங்கி ஏப்ரல் 5க்குள் பணம் போட்டாலும் அந்த ஆண்டுக் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு போட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான். கோயிலுக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் அரசுத் திட்டம்) படிவத்தோடு கொடுத்த நன்கொடையும் இந்த எல்லைகளுக்கான வருமானத்தைக் குறைக்கும். 80 பவுண்டு கொடுத்திருந்தால் 100 என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த ரசீதுகளை எடுத்து வைத்திருங்கள்.